ஆற்றோடு போனது யார் என்பது பற்றி மைத்துனருக்கு எழுதிய விளக்கம்

சிவமயம்

திருநெல்வேலி, கைலாசபுரம்
பிரமாதீச வருஷம், ஆவணி மாதம்

ஸ்ரீவைகுண்டம் மிராசுதாரும், கோபம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நிதானம் உடையவருமான மகா-ள-ள-ஸ்ரீ மைத்துனர் சிவசண்முகம் பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை பிரம்மநாயகியின் புருஷனும், தாலுக்காக் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து இப்போது பென்ஷனில் இருப்பவனுமாகிய திருஞானசம்பந்தம் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் யாவரில் பாதி அவ்விடம் இருப்பதால் அப்படி எழுதுவது ரிக்கார்டுக்கு விரோதம். இவ்விடம் நான் ஒருவன், சுவர்க்கடிகாரம் ஒன்று, என்னைக் கிட்டே சேர்க்காத பசு ஒன்று, மூன்று பேரும் ஒருவிதமாக இருக்கிறோம். அவ்விடம் உள்ள பாதியின் சுகத்துக்கு எழுதவும். அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா, ஜுரம் திரும்பி வந்ததா, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்கிற விவரமெல்லாம் எழுதவும். கேட்கவில்லை என்றாலும் கேட்டதாகவே எழுதவும்.

அத்தான், போன வாரம் நடந்த காரியத்தில் தாங்கள் என்மேல் கோபமாக இருப்பது நியாயம். தந்தியைப் பார்த்துப் பதறி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று வண்டி ஜனத்தோடு செய்துங்கநல்லூர், கிருஷ்ணாபுரம் என்று வழிநெடுக அழுதுகொண்டே வந்து என் வாசலில் இறங்கினால், ஆற்றில் போய்விட்டதாகத் தந்தியில் கண்ட தங்கை கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்து, "வாங்கண்ணே, எல்லாரும் சாப்பிட்டியளா?" என்று கேட்டால் எந்த மனிதனுக்குத்தான் கோபம் வராது? சந்தோஷம்தான் முதலில் வர வேண்டும் என்று சாஸ்திரம் சொல்லலாம். பசியோடு பதினெட்டு மைல் அழுதவனுக்குச் சாஸ்திரம் ஏறாது. தந்தி கொடுத்தது எதிர்வீட்டுக் காந்திமதிநாத பிள்ளை. நிஜம் தெரிந்ததும் இரண்டாவது தந்தி கொடுத்தவரும் அவரே. அது தங்கள் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அன்றைக்குத் தாங்கள் விளக்கம் கேட்கிற நிலையில் இல்லை, நான் சொல்கிற நிலையிலும் இல்லை. ஆகையால் ஆதியோடந்தமாக இப்போது எழுதுகிறேன். பொறுமையாகப் படித்து, முடிவில் நான் கேட்கப்போகும் ஒரே ஒரு உதவியைச் செய்து, அவளை வண்டியேற்றி அனுப்பி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஹெர்மன் துரை. பஞ்சு அரைக்கும் ஆலைக்கு யந்திரம் பூட்ட ஜெர்மன் தேசத்திலிருந்து வந்த மனிதர். ஒரு நாள் ரத வீதியில் சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் தோடியை விரித்துக்கொண்டிருந்தபோது, இந்தத் துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சங்கீதம் கேட்கிற மனிதன் எந்த ஜாதியானாலும் எனக்கு உறவு. நானாகப் போய் இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்து, ராகம் இன்னது, சுருதி இன்னது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'உங்கள் தேசத்தில் பாண்டு வாத்தியம்தானே, ஊர்வலத்துக்குச் சரி, உட்கார்ந்து கேட்க ஒன்றுமில்லையே' என்றும் சொல்லி வைத்தேன். மனிதர் கோபப்படவில்லை. ஆனால் வேலை முடிந்து கோயம்புத்தூருக்குப் புறப்படுகிறபோது, ஒரு கிராமபோன் பெட்டியையும் ஒரு கட்டுத் தட்டுகளையும் ஒரு பாட்டுப் புஸ்தகத்தையும் கொண்டுவந்து என் கூடத்தில் இறக்கிவிட்டார். 'இது ஓபரா. முழு நாடகத்தையும் பாட்டாகவே பாடுவது. புதுமாதிரிச் சங்கீதம். எங்கள் ஊரில் பாதிப் பேர் இதைக் கேட்காமலே திட்டினார்கள், மீதிப் பேர் கேட்டுவிட்டுத் திட்டினார்கள். நான் திரும்ப வந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள்' என்றார். இப்படி ஒருவன் நம்மை மதித்துச் சொன்ன பிறகு கேட்காமல் அபிப்பிராயம் சொன்னால் திருநெல்வேலி ரசிகர்களுக்கே அவமானம் அல்லவா?

சரி என்று தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, தம்பூராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தட்டு ஓடியதுமே நம்முடைய சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றே இன்றுவரை நினைக்கிறேன். அந்தப் பாட்டில் ஒரு பெண்பிள்ளை, பின்னால் கூட்டமாக வாத்தியம். சுருதி பிடிக்கலாம் என்று தம்பூராவை மீட்டினால், நான் முறுக்காணியைத் திருகி முடிப்பதற்குள் அவள் வேறு தெருவுக்குப் போய்விடுகிறாள். அங்கே போய்ச் சேர்ந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறாள். தாளம் போடலாம் என்றால் என் கை தொடைக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் நிற்கிறது. அது மட்டுமில்லை, தட்டு மாற்றுகிறபோதெல்லாம் கதை திடுக்கென்று எங்கேயோ தாவுகிறது. இது புதுமாதிரிச் சங்கீதம், நடுவில் விட்டதைக் கேட்பவனே மனசால் நிரப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு பெரிய தத்துவம் கண்டுபிடித்து, அதைத் துரைக்கு எழுதவும் ஆரம்பித்தேன். ஒரு நாள் தங்கள் தங்கை தட்டுகளைத் துணியால் துடைத்து வைத்தவள், "ஏங்க, இதுக்குப் பின்னாலயும் கோடு கெடக்கே, அத யாருக்கு வச்சிருக்கிய?" என்று கேட்டாள். தட்டுக்கு மறுபக்கமும் பாட்டு உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் பாதி ஓபராதான் கேட்டிருந்தேன். துரைக்கு எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

அடுத்தது அர்த்தம் தெரிய வேண்டும். பாளையங்கோட்டையில் நேசையா உபதேசியார் என்று ஒரு பெரியவர், சிறு வயதில் ஒரு ஜெர்மன் பாதிரியாரிடம் இருந்து ஞானப்பாட்டும் வேதமும் அந்தப் பாஷையிலேயே படித்தவர். நல்ல மனிதர். கூப்பிட்ட மாத்திரத்தில் குடையோடு வந்து, முறுக்குப் பிழிந்தது போல இருக்கிற அந்த எழுத்தை மூக்குக்கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்து, வரி வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்கக் கோயிலுக்குள் படித்தது. புஸ்தகத்தில் ஒவ்வொருவர் பேருக்கு முன்னாலும் 'ஹெர்' என்று ஒரு சொல் வருகிறது. நேசையா அதைக் 'கர்த்தர்' என்றார். வைத்தியர் வந்தால் 'கர்த்தராகிய வைத்தியர்', தபால்காரர் வந்தால் 'கர்த்தராகிய தபால்காரர்', படகுச் சொந்தக்காரன் கள் குடித்துவிட்டு வந்தால் 'கர்த்தராகிய' என்று ஆரம்பித்தவர் புஸ்தகத்தை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"பிள்ளைவாள், இது தேவதூஷணம். இதுல மூணு கர்த்தர் வாராவ. ஒருத்தர் குடிச்சிருக்காரு."

"உபதேசியாரே, நம்ம ஊர்ல துரைன்னு சொல்லுதோம், பிள்ளைவாள்னு சொல்லுதோம், அந்த மாதிரி மரியாதைச் சொல்லா இருக்காதா வே?"

"ஹெர்னா கர்த்தர். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. அம்பது வருசமாப் பாடுதேன்."

ஹெர்மன் துரையின் பேரிலேயே 'ஹெர்' இருக்கிறதே, அவரும் கர்த்தரா என்று கேட்டேன். பெரியவர் அன்றைக்குக் காப்பி சாப்பிடாமலே போய்விட்டார். பிறகு அவராகவே இரண்டு நாள் ஜெபித்து யோசித்து, 'பெரிய ஹெர் ஒருவர், சின்ன ஹெர் பலர்' என்று ஒரு சமாதானத்துக்கு வந்து, மறுபடியும் குடையோடு வந்தார். இப்படியாக ஆனி முழுக்கவும் ஆடி முழுக்கவும் படித்தோம். கதை இதுதான்: ஒரு பெரிய ஆறு. வெள்ளத்தில் படகு எடுத்துப் போன ஒருவன் திரும்பவில்லை. அவன் பெண்சாதி ஆக்னெஸ் கரையில் காத்திருக்கிறாள். வைத்தியர் வந்து அவன் செத்துப்போனான் என்கிறார், தபால்காரர் வந்து அவன் அக்கரையில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்கிறார், படகுச் சொந்தக்காரன் வந்து புருஷன் போனால் என்ன, படகு எங்கே என்கிறான். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் அக்கரையைப் பார்த்துப் பாடுகிறாள். கடைசியில் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடுகிறாள். இவ்வளவுதான். நம் ஊர் நாடகமாக இருந்தால் புருஷன் கடைசியில் மச்சம் காட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

தங்கள் தங்கையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடத்தில் ஆக்னெஸ் அலற, பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "அவ புருசன் வந்தானா?" என்று தினமும் ஒரு தடவை கேட்பாள். "இன்னும் வரல" என்பேன். "வந்தா மொதல்ல சோறு போடச் சொல்லுங்க, பெறவு பாடட்டும்" என்பாள். நடுவில் அவளுக்கு ஜுரம் வந்து படுத்திருந்தபோது பெட்டியை நான் திறக்கவில்லை. அவளாகத்தான், "என்ன, இன்னைக்கு ஆக்னெசு வரலையா? சத்தமில்லாம என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். இதையும் தாங்கள் ரிக்கார்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, நடந்த நாள். ஜுரம் விட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அவள் காலையிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு தைப்பூச மண்டபத்துப் படித்துறைக்குப் போயிருந்தாள். ஆற்றில் தண்ணீர் நிறையவே ஓடியது. வீட்டில் நான் தனியாக இருந்தேன். காலை நேரத்தில் கேட்டால் எப்படி இருக்கும் பார்ப்போம் என்று கடைசித் தட்டின் மறுபக்கத்தைப் போட்டேன். அன்றைக்குத்தான் அத்தான், எனக்கு அது பிடிபட்டது. ஆக்னெஸ் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு போனதும், அதுவரை ஒரு தடவைகூடச் சொல்லாத புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்த ஒரே இடத்தில்தான் அத்தனை வாத்தியமும் ஒரே சுருதியில் வந்து சேர்ந்து நிற்கிறது. நான் தம்பூராவை வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகத் தேடிய சுருதி! அதுவரை அவள் அலைந்தது சுருதி தெரியாமல் இல்லை. வீட்டில் ஆள் இல்லாதவளுக்குச் சுருதி எங்கே நிற்கும்? பேரைச் சொன்னதும் அவளுக்கு வீடு வந்துவிட்டது. வீடு வந்த மாத்திரத்தில் தட்டும் முடிந்துவிட்டது. ஊசி கர்ர் கர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கிறது, நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுகிறேன். இப்படி அழுவேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்து வீட்டு உலகம்மாள் ஓடி வந்தாள். பெட்டி அலறி அலறித் தெருவுக்குப் பழகிவிட்டது. பிறகு அவளே சொன்னாள்: "பெட்டி அழுதா நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். நீங்க அழுதா வராம இருக்க முடியுமா?"

"அண்ணாச்சி, என்னாச்சு? ஏன் இப்படி அழுதிய?"

"போயிட்டா, உலகம்மா. ஆத்தோட போயிட்டா."

"ஐயையோ! எப்பம்?"

"இப்பத்தான். பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே எறங்குனா. கரையில அத்தன பேர் நின்னானுவ, ஒருத்தன் தடுக்கல."

உலகம்மாள் அடுப்படியை எட்டிப் பார்த்தாள். குடம் இருக்கிற இடத்தில் குடம் இல்லை. அவ்வளவுதான், மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அரை நாழிகைக்குள் தெருப் பெண்கள் எல்லோரும் துட்டி கேட்க வந்து கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகள் படித்துறைக்கு ஓடித் தண்ணீரில் குதித்துத் தேடினார்கள். சங்கு ஊதுகிறவனுக்கு ஆள் போயிற்று. காந்திமதிநாத பிள்ளை தந்தியாபீசுக்கு ஓடினார்.

'நீர் ஏன் அப்போதே மறுக்கவில்லை' என்று தாங்கள் கேட்பீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் ஆக்னெசுக்காக அழுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே ரசனை வந்துவிட்டது, நான் அழுததைப் பார்த்ததும் அவர்களுக்கும் அந்த இடம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்து, அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு பெருமை. ஜெர்மன் தேசத்தில் கேட்டவர்கள் திட்டினார்களாம், கைலாசபுரத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை என்று துரைக்கு எழுத வேண்டும் என்று மனசுக்குள் வாசகம் அமைத்துக்கொண்டிருந்தேன். 'காலையிலே குடமெடுத்துப் போன மகராசி' என்று அவர்கள் பாடியபோது மட்டும், புஸ்தகத்தில் குடம் இல்லையே என்று ஒரு சந்தேகம் வந்தது. நம் பெண்கள் நம் ஊருக்குத் தகுந்தபடி சேர்த்துக்கொண்டார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினேன்.

இந்தச் சமயத்தில் நேசையா குடையோடு வந்தார். ஆற்றோடு போய்விட்டாள் என்று வாசலில் சொன்னார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு, "எனக்கு முன்னாலயே தெரியும். புஸ்தகத்துல எழுதியிருக்கபடிதான நடக்கும்" என்றார். எல்லோரும் அதை வேதாந்தமாக எடுத்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதார்கள்.

தங்கள் தங்கை வந்தது அப்போதுதான். குளித்துவிட்டுக் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விட்டு, சந்து வழியாக ஈரச் சேலையும் குடமுமாக வந்திருக்கிறாள். படித்துறையில் தன்னைத் தேடித்தான் ஆட்கள் முங்குகிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வாசலில் கூட்டம், உள்ளே ஒப்பாரி. வீட்டில் அவளைத் தவிர இருப்பது நான் ஒருவன். குடத்தைக் கீழே போட்டுவிட்டு, "என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அவளைப் பார்த்துப் பெண்கள் அலறினார்கள். பெண்களைப் பார்த்து நான் அலறினேன். உலகம்மாள் மயக்கம் போட்டு விழுந்தாள். அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தது தங்கள் தங்கைதான். கண் திறந்து பார்த்தால் தண்ணீர் தெளிப்பது செத்தவள் என்று தெரிந்து அவள் மறுபடியும் மயங்கினாள்.

விஷயம் ஒருவாறு விளங்கி, ஜனங்கள் சிரிக்கிறவர்கள் சிரித்து, வைகிறவர்கள் வைது, பைய எழுந்து வாசலுக்குப் போனார்கள். கூடத்தில் நாங்கள் இருவரும்தான். உலகம்மாள் போகிற போக்கில், "மைனி, நீங்க போயிட்டியன்னு அண்ணாச்சி அழுத அழுகையிருக்கே, கல்லுங்கூடக் கரைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாயகி என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் ஈரம் காயவில்லை. கண்ணும் சிவந்திருந்தது.

"நெசமாவா? எனக்காவயா அழுதிய?" என்றாள். அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. "இத்தன வருசத்துல ஒங்க கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல. நாம செத்தா இந்த மனுசன் அழுவாரான்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. இது போதும் எனக்கு."

என் மேல்துண்டு நழுவிக் கிடந்தது. அதை எடுத்து என் தோளில் போட்டுச் சரிசெய்தாள். அத்தான், கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் ஊமையாகப் பிறந்தவன் எவனும் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் தாலுக்காக் கச்சேரியில் வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவன். ரிக்கார்டில் தப்பு ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

"இல்ல நாயகி, அது ஒனக்காவ இல்ல. ஆக்னெசுக்காவ" என்றேன்.

அவள் வையவில்லை, அழவில்லை. "அப்படியா" என்றாள். துண்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, உள்ளே போய் உலை வைத்தாள். அன்று பூராவும் சாதாரணமாகத்தான் இருந்தாள். சாப்பாடு போட்டாள், மோர் வேண்டுமா என்று கேட்டாள். 'அப்படியா' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அதற்குப் பிறகு என்னால் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் தாங்கள் வந்தீர்கள். மீதி தங்களுக்கே தெரியும். கோடிச் சேலையைத் தாங்கள் முதுகுக்குப் பின்னால் மறைக்க, அவள் அதை வாங்கி விரித்துப் பார்த்து, "நல்ல அரக்குக் கரை. செத்த பெறவு வார சேலைய உசுரோட பாக்குத பாக்கியம் யாருக்குண்ணே கெடைக்கும்? இவுக அழுவாகளான்னுதான் பாக்க முடியல, சேலையாவது பாத்தேனே" என்றாள். பிறகு, "வண்டிய அவுக்காதிய, நானும் வாரேன்" என்றாள். என்னிடம் வந்து, "சொதிக் குழம்பு மூடி வச்சிருக்கேன். ஒங்க ஆக்னெசுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். தாங்கள் அவள் சொன்ன காரணத்தை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, வண்டியிலிருந்து தலையை நீட்டி, "பொய் சொல்லத் தெரியாத மனுசனுக்கு எதுக்குவே கல்யாணம்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்கு வழி பிறந்தது.

நான் கேட்கிற உதவி இதுதான். எனக்காகத் தாங்கள் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். 'மாப்பிள்ளை உனக்காகத்தான் அழுதார், அழுததற்கு வெட்கப்பட்டு மாற்றிச் சொல்லிவிட்டார்' என்று அவளிடம் சொல்லிவிடவும். நான் சொன்னால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். தாங்கள் அப்படி இல்லை. கல்லுப் போன்ற வாழைத்தாரை நாளைக்கே பழுத்துவிடும் என்று சொல்லி எத்தனை கல்யாண வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்! இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, திறமையாகச் சொல்கிறேன். என் கல்யாணத்துக்கு வந்த தாரும் அப்படித்தான், ஆனால் அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. நான் அழுதது சங்கீத ஞானத்தால் வந்த கண்ணீர் என்பது நமக்குள் இருக்கட்டும். கிராமபோன் பெட்டியைச் சாக்கில் வைத்துத் தைத்துவிட்டேன். இனி ஆக்னெஸ் இந்த வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள் என்று அவளிடம் உறுதியாகச் சொல்லவும்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வந்தனமும், சிறுவர்களுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். அழுதுகொண்டு வந்து பட்டினியாகத் திரும்பிய மூன்று வண்டி ஜனத்துக்கும் தனித்தனியே என் மன்னிப்பைச் சொல்லவும். இந்த ஆவணிக் காற்றில் தங்கள் தோட்டத்து வாழை ஒன்றுகூடச் சாயாமல் நிற்கக் காந்திமதியம்மை காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
திருஞானசம்பந்தம்

பி.கு. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பெட்டியைச் சாக்கில் வைத்துத் தைத்தது உண்மை. இன்று காலை பிரித்ததும் உண்மை. துரைக்கு அபிப்பிராயம் எழுத வேண்டுமே, இன்னொரு தடவை கேட்டுவிடுவோம் என்று கடைசித் தட்டைப் போட்டேன். ஆக்னெஸ் வழக்கம்போல இறங்கினாள், வழக்கம்போலப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், சுருதியும் வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. திருப்பித் திருப்பிப் போட்டேன், மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஞானத்தால் வந்த கண்ணீர் என்றால், இருக்கிற ஞானம் ஒரு வாரத்தில் எங்கே போய்விடும்? வெகுநேரம் யோசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ஆற்றுக்குப் போனவள் திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் முன்பின் தெரியாத ஒருத்திக்காக அப்படி அழ முடிந்தது. இப்போது அந்தத் தைரியம் இல்லை. ஆகவே அழுகையும் இல்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு சங்கீதமும் ஏறவில்லை.

ஆகையால் மேலே தங்களைப் பொய் சொல்லச் சொன்னது ரத்து. சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன். தபால் வந்து சேரும் வரை பொறுக்க முடியாமல் வண்டி பேசிவிட்டேன். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து வாசலில் தங்கள் கையில் கொடுப்பேன். தாங்கள் இந்த வரிக்கு வந்து சேரும்போது நான் உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருக்கும். ஆகவே அவசரப்பட்டு எழுந்து வர வேண்டாம். தயவுசெய்து இன்னொரு தடவை முதலிலிருந்து படிக்கவும்.